மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வீட்டுச் சாமான்: எந்த லொறிச் சேவை தேறும்?

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வீடு மாறுகிறவருக்கு நாலு வழி இருக்கிறது. கொழும்பிலிருந்தே ஆட்களோடு வந்து பொதி செய்து, ஏற்றி, கொண்டுபோய் இறக்கித் தரும் கொம்பனி முதலாவது. ஊர் லொறியும் அதோடு வரும் நாட்டாமைகளும் (ஏற்றி இறக்கும் கூலியாட்கள்) இரண்டாவது. காத்தான்குடிக்கும் கல்முனைக்கும் கடைச்சாமான் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் ‘ரிட்டன்’ லொறி மூன்றாவது. ரயில் பார்சல் நாலாவது. மூன்று அறை வீட்டை முழுதாகக் கிளப்புகிறவருக்கு எங்கள் தேர்வு இரண்டாவதுதான், அதுவும் நாலாபக்கமும் மூடிய பதினெட்டரை அடி லொறி. மற்ற மூன்றுக்கும் அவற்றுக்கான இடம் உண்டு. ஆனால் எதைப் பிடித்தாலும், விலை கேட்க முன்னர் அளவு எடுக்காவிட்டால் ஏற்றுகிற அன்று சண்டைதான்.

அளவு எப்படி எடுப்பது

“எத்தனை அறை?” என்று போனில் கேட்டுவிட்டு உடனே விலை சொல்கிறவரை அங்கேயே கழித்துவிடலாம். அறைக் கணக்கு லொறிக்கு உதவாது. ஒரே அளவு வீட்டில் ஒருவரிடம் பாயும் தலையணையும் இருக்கும். இன்னொருவரிடம் தேக்கு அலுமாரி மூன்று இருக்கும். கனஅடிக் கணக்குத்தான் வேண்டும். நீளம், அகலம், உயரத்தை அடியில் அளந்து பெருக்கினால் வந்துவிடும். ஒரு பின்னேரத்து வேலை.

கழற்றிய இரட்டைக் கட்டில் மெத்தையோடு 40 கனஅடி பிடிக்கும். 6 அடி உயரம், 4 அடி அகலம், 2 அடி ஆழமுள்ள அலுமாரி 48. இரண்டு கதவுப் பிரிட்ஜ் 40, வொஷிங் மெஷின் 20. பெரியது ஒன்றும் தனிக் கதிரை இரண்டுமான செற்றி 100. ஆறு கதிரையோடு சாப்பாட்டு மேசை 70. டீவி மேசை 15. 18 அங்குலச் சதுரமும் 24 அங்குல உயரமுமான காட்போட் பெட்டி ஒன்று நாலரைக் கனஅடி. குசினி, உடுப்பு, புத்தகம், பிள்ளைகளின் சாமான் என்று நாற்பது பெட்டி சுலபமாக வரும், அது 180. இப்படி இரண்டு கட்டில், இரண்டு அலுமாரியோடு கூட்டினால் 601. மோட்டார் சைக்கிளையும் ஏற்றினால் இன்னும் 45. மொத்தம் 646.

இனி லொறியைப் பாருங்கள். பதினாலரை அடிக் கன்டர் லொறியின் உள்ளகலமும் உயரமும் ஆறரை அடி என்று வைத்தால் 612 கனஅடி. வீட்டுச் சாமான் சீமெந்துப் பையைப்போல இடைவெளியில்லாமல் அடங்காது. நல்ல கைகாரன் அடுக்கினாலும் ஐந்தில் நாலு பங்குதான் நிரம்பும், அதாவது 490. “அதெல்லாம் பதினாலரையில காணும் சேர்” என்று போனில் கேட்ட சத்தம், கடைசியில் செற்றியும் சைக்கிளும் முற்றத்தில் மிஞ்சி நிற்கும்போது “இன்னொரு பட்டா (சின்ன லொறி) பிடிப்பம்” என்று மாறுவது இதனால்தான். பதினெட்டரை அடி லொறி ஏழடி அகலமும் ஏழடி உயரமும் இருந்தால் 906. அதில் ஐந்தில் நாலு 725. மேலே சொன்ன வீடு அதில் போகும், கொஞ்சம் இடமும் மிஞ்சும். ஒரே அடிக்கணக்குச் சொல்லும் லொறிகளிலும் கூட்டின் உயரம் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே மூன்று அளவையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பாரத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். வீட்டுச் சாமான் கனஅடிக்கு மூன்று கிலோ சொச்சம்தான் வரும். 646 கனஅடிக்கு ஏறக்குறைய இரண்டு தொன். இடம் முடிந்த பிறகுதான் பாரம் முடியும். விதிவிலக்கு புத்தகமும் அரிசியும். அம்பாறைப் பக்கத்து வீடுகளில் கடைசி நிமிடத்தில் யாராவது இரண்டு மூட்டைச் சம்பாவைத் தூக்கிக்கொண்டு வருவது வழக்கம். 50 கிலோ மூட்டையை அப்போது பெட்டிகளுக்கு மேலே போடுவதைத் தவிர வேறு இடம் இருக்காது, கீழே இருக்கும் பெட்டி நசிந்துவிடும். மூட்டை வருமென்றால் முதலிலேயே சொல்லி அடித்தட்டில் இடம் விடச் சொல்லுங்கள்.

கொழும்புக் கொம்பனிகள்

பொதி செய்வதில் இவர்களை அடிக்க ஆளில்லை. கோப்பையைக் கிடையாக அடுக்காமல் விளிம்பில் நிறுத்தி வைப்பார்கள், டீவியைப் படுக்கப்போட மாட்டார்கள், ஒவ்வொரு பெட்டிக்கும் இலக்கமிட்டு இரண்டு பிரதியில் பட்டியல் தருவார்கள். சாமான் காப்புறுதியும் பெரும்பாலும் இவர்களிடம்தான் கேட்க முடியும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லொறிக்கு இருக்கும் வாகனக் காப்புறுதி, அதில் ஏற்றிய சாமானுக்குச் செல்லாது. சாமானுக்குத் தனிக் காப்புறுதி வேண்டும். அதிலும் நீங்கள் கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் வழக்கமாகப் பணம் தரமாட்டார்கள். அவர்களின் ஆட்கள் கட்டிய பெட்டிக்குத்தான் பொறுப்பு. கண்ணாடிச் சாமானை மட்டுமாவது அவர்கள் கையாலேயே கட்டவிடுங்கள்.

குறை விலையில் இருக்கிறது. மட்டக்களப்பு கொழும்பிலிருந்து ஏறக்குறைய 315 கிலோமீட்டர். கொம்பனி லொறி வெறுமையாக வந்து ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். ஆட்களுக்கு ஓர் இரவு தங்கலும் மூன்று நேரச் சாப்பாடும் உங்கள் கணக்கில்தான் விழும். செலவைக் குறைக்கச் சிலர் இரண்டு வீட்டுச் சாமானை ஒரே லொறியில் ஏற்றுவார்கள். அது களவு அல்ல, முன்கூட்டிச் சொன்னால். சொல்லாமல் செய்தால் உங்கள் அலுமாரி கடவத்தையில் இறங்கி மறுபடி ஏறும், அந்த ஏற்ற இறக்கத்தில்தான் மூலை உடையும். “எங்கள் சாமான் மட்டும், வழியில் இறக்கம் இல்லை” என்ற வரி எழுத்தில் இருக்க வேண்டும். அலுவலகம் செலவைத் திருப்பித் தரும் உத்தியோகத்தருக்கு ரசீதோடு வரும் இந்தச் சேவை பொருந்தும். சொந்தக் காசில் போகிறவருக்குப் பத்துக்கு ஆறுதான் கொடுப்போம்.

ஊர் லொறியும் நாட்டாமைகளும்

லொறி நல்லதாக இருந்து ஏற்றுகிறவன் சரியில்லை என்றால் சாமான் போய்விட்டது. லொறி பழையதாக இருந்தாலும் கைகாரன் ஏற்றினால் கீறல் இல்லாமல் போய்ச் சேரும். எனவே லொறிக்காரக் காக்காவிடம் முதலில் கேட்க வேண்டியது, “ஏத்துற ஆக்கள் உங்கட ஆக்களா, அண்டைக்குப் பிடிக்கிற ஆக்களா?” என்பதுதான். அரிசி மூட்டையும் சீமெந்தும் ஏற்றிப் பழகியவர்களுக்குத் தோள் பலம் உண்டு, ஆனால் அலுமாரியின் காலைத் தரையில் இழுக்கக்கூடாது என்பது தெரிந்திருக்காது. இழுத்தால் கால் பொருத்திய இடம் விரியும், பிறகு அலுமாரி ஆடிக்கொண்டே இருக்கும். வீட்டுச் சாமான் ஏற்றிப் பழகிய நாலு பேர் மூன்றரை மணித்தியாலத்தில் முடிக்கிற வேலையை, பழகாத ஆறு பேர் ஆறு மணித்தியாலம் இழுப்பார்கள்.

சரியாக ஏற்றுவது எப்படி இருக்கும் என்று தெரிந்தால், ஏற்றும்போதே ஆளை மதிப்பிடலாம். ட்ரைவர் ஆசனத்துக்குப் பின்னாலுள்ள சுவரிலிருந்து தொடங்கி, தரையிலிருந்து கூரை வரை ஒரு சுவர்போல அடுக்கி முடித்து, அதைக் கயிற்றால் இறுக்கிய பின்னரே அடுத்த சுவரைத் தொடங்குவார்கள். தரை முழுதும் முதலில் பரப்பிவிட்டு அதற்குமேல் ஏற்றுகிறவர்கள் பழகாதவர்கள். முதற்சுவரில் அலுமாரி, பிரிட்ஜ், வொஷிங் மெஷின். பாரம் இடமும் வலமும் சமனாக இருக்க வேண்டும். அம்மியும் உரலும் இவற்றின் காலடியில், சாக்கில் சுற்றி. மெத்தைகளைக் கிடத்தக்கூடாது, கூட்டின் பக்கச் சுவரோடு நிமிர்த்தி வைத்தால் அதுவே மெத்தென்ற தடுப்பாகிவிடும். டீவியும் அலுமாரிக் கண்ணாடியும் இரண்டு மெத்தைக்கு நடுவில், நின்றபடி. செற்றியைக் குத்தென நிறுத்தினால் பாதி இடம் மிச்சம். புத்தகப் பெட்டி கீழே, தலையணையும் உடுப்பும் மேலே. கடைசியாகக் கதவோரத்தில் முதல் நாள் இரவுக்குத் தேவையான பெட்டி.

நாங்கள் சாமான்களில் பார்க்கும் சேதத்தில் விழுந்து உடைந்தது குறைவு. உராய்ந்து கெட்டதுதான் அதிகம். எட்டு ஒன்பது மணித்தியாலம் லொறி அதிரும்போது ஒரு கதிரைக்காலின் நுனி, மேசையின் ஒரே இடத்தை ஆயிரக்கணக்கான தடவை தேய்க்கும். இறக்கியதும் பார்த்தால் ஐந்து சதக் குற்றி அளவில் பொலிஷ் போய், வெள்ளையாக மரம் தெரியும். தொடும் இடத்திலெல்லாம் பழைய சேலை, போர்வை வைத்தால் போதும். இன்னொன்று: பபிள் ரப்பைப் பொலிஷ் போட்ட மரத்தின்மேல் நேரே சுற்றக்கூடாது. வெயிலில் நிற்கும் மூடிய லொறிக்குள் அந்தக் குமிழ்களின் வட்டம் வட்டமான தடம் பொலிஷில் பதிந்துவிடும், துடைத்தாலும் போகாது. முதலில் துணி, அதற்குமேல்தான் பபிள் ரப். தேக்கும் முதிரையும் வைத்திருப்பவர்கள் இதை நாட்டாமைகளுக்கு ஏற்ற முன்னரே சொல்ல வேண்டும், ஏற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை.

திறந்த லொறியில் தறப்பாள் போட்டுப் போவது விலைக்குக் குறைவு. பங்குனி முதல் ஆவணி வரை வெயில் நாளில் அதுவும் ஓடும். ஐப்பசியிலிருந்து தைவரை வேண்டவே வேண்டாம். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மழை கீழிருந்து ஏறும். தறப்பாளின் நடுவில் குளம்போலத் தேங்கும் தண்ணீர் ப்ரேக் அடிக்கும்போது மொத்தமாக முன்னால் கொட்டும். அமுக்கிய தூள்பலகையில் செய்த அலுமாரி ஒருதடவை நனைந்தால் ஊதிவிடும், காய்ந்தாலும் இறங்காது. அந்த வகை அலுமாரியை இரண்டாம் தடவை கழற்றிப் பூட்டினாலே ஆணி பிடிக்காது என்பது தனிக்கதை. பழையதென்றால் ஊரிலேயே விற்றுவிட்டுப் போவது லாபம்.

கட்டில் கழற்றுவதில் ஒரு சின்ன விசயம். கடற்கரைப் பக்கத்து வீடுகளில், கல்லடி, களுவாஞ்சிகுடி, மருதமுனை, எங்கும் உப்புக்காற்றில் கட்டில் போல்ட் துருவேறி இறுகியிருக்கும். நாட்டாமை அவசரத்தில் சாவியைப் போட்டுத் திருகினால் போல்ட்டின் தலை மழுங்கும், அல்லது மரம் பிளக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் ஸ்ப்ரே அடித்துவிட்டால் காலையில் கையால் திருகலாம். கழற்றிய போல்ட்டையெல்லாம் ஒரு பையில் போட்டு அந்தக் கட்டிலின் சட்டத்திலேயே டேப்பால் ஒட்டுங்கள். ‘எல்லாப் போல்ட்டும் ஒரு பையில்’ என்று வைத்தால், கொழும்பில் எந்தப் போல்ட் எந்தக் கட்டிலுக்கு என்று அரை நாள் போகும்.

இந்தச் சேவைக்குப் பத்துக்கு எட்டு. கழிந்த இரண்டும் எழுத்தில் எதுவும் தரமாட்டார்கள் என்பதற்கு. ரசீது இல்லாவிட்டாலும் பேசியதை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, “ஓம்” என்று ஒரு பதில் வாங்கி வையுங்கள்: எங்கிருந்து எங்கே, லொறியின் அளவு, ஏற்ற எத்தனை பேர், இறக்க எத்தனை பேர், எத்தனையாம் மாடி, காத்திருப்புக்கு எவ்வளவு, சாப்பாடு யார் கணக்கு.

விலை நியாயமா என்று பார்க்க

யாரும் சொல்லும் தொகையை அப்படியே நம்பவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு பாதி கேட்கவும் வேண்டாம். பெரிய செலவு டீசல்தான். போகவர 630 கிலோமீட்டர். சாமானோடு ஓடும் கன்டர் ரக லொறி லீற்றருக்கு ஆறு முதல் எட்டுக் கிலோமீட்டர் ஓடும். எனவே 80 முதல் 105 லீற்றர். அன்றைய டீசல் விலையால் பெருக்குங்கள். அதோடு ட்ரைவரின் இரண்டு நாள் சம்பளம், இரண்டு முனையிலும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, லொறியின் இரண்டு நாள் வாடகை. இந்தக் கூட்டுத்தொகையைவிட ஒருவர் மிகக் குறைத்துச் சொன்னால் அவர் ரிட்டன் ஓட்டத்தில் வருகிறார், அல்லது வழியில் கூட்டிக் கேட்கப் போகிறார். முற்பணம் டீசலுக்குப் போதுமானது கொடுங்கள். மிச்சத்தை இறக்கி எண்ணிய பிறகு கொடுங்கள். நாட்டாமைகளுக்கு நாள்கூலி பேசாமல் கொந்தராத்தாகப் பேசினால் வேலை சுருக்காக முடியும். ஆனால் கண்ணாடியும் பிரிட்ஜும் அவசரத்தில் அடிபடாமல் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

ரிட்டன் லொறி

கொழும்பிலிருந்து புடவை, பலசரக்கு, கட்டடச் சாமான் கொண்டுவந்து இறக்கிய லொறி, வெறுமையாகத் திரும்புவதைவிட உங்கள் சாமானை ஏற்றிப்போனால் கிடைப்பது லாபம் என்று குறைந்த விலைக்கு வரும். ஓர் அறைச் சாமான், பல்கலைக்கழகப் பிள்ளையின் சாமான், ஒரு பிரிட்ஜும் கட்டிலும் என்றால் இதுவே சரி. பிரச்சினை நேரம். இறக்கி முடிந்ததும் அவர்கள் கிளம்ப வேண்டும். “இன்னும் ஒரு மணித்தியாலத்தில வாறம்” என்ற போன் இரவு ஒன்பது மணிக்கும் வரும். பொதி எல்லாம் முற்றத்தில் தயாராக இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பெரும்போகமும் சிறுபோகமும் அறுவடையாகும் காலங்களில் ரிட்டன் லொறி என்ற சாதியே மறைந்துவிடும். தை, மாசியிலும் ஆவணிப் பக்கத்திலும் அம்பாறை மாவட்டத்து நெல்லும் அரிசியும் ஏற்ற எல்லா லொறிக்கும் வேலை இருக்கும். வீட்டுச் சாமானுக்கு யாரும் விலை குறைக்கமாட்டார்கள். ஏற்றும் முன் லொறியின் தரையைக் கட்டாயம் பாருங்கள். முந்திய நாள் கருவாடோ, பசளையோ, சீமெந்தோ வந்திருந்தால் மெத்தையில் அந்த மணம் மாதக்கணக்கில் நிற்கும். கூட்டிக் கழுவி, காய்ந்த பின் உரப்பையை வெட்டி விரித்து ஏற்றச் சொல்லலாம். சொன்னால் செய்வார்கள், சொல்லாவிட்டால் செய்யமாட்டார்கள். பத்துக்கு ஐந்து, சிறு சாமானுக்கு ஏழு.

ரயில்

முழு வீட்டுக்கு ரயில் சரிவராது. மோட்டார் சைக்கிளுக்கும், நன்றாகத் தைத்துக் கட்டிய மூட்டைகளுக்கும்தான். மட்டக்களப்பு நிலையத்தின் பார்சல் பகுதியில் முதல் நாளே போய்க் கேட்டுக்கொள்வது நல்லது. சைக்கிளின் பெற்றோல் முழுதும் வடித்திருக்க வேண்டும். பதிவுப் புத்தகப் பிரதியும் அடையாள அட்டையும் எடுத்துப் போங்கள். கைபிடி, கண்ணாடி, இண்டிகேற்றர் ஆகியவற்றில் காட்போட் மட்டை சுற்றிக் கட்டினால் கீறாது. நீங்கள் போகும் ரயிலிலேயே உங்கள் பார்சலும் வரும் என்று நினைக்காதீர்கள். வந்ததும் சுணங்காமல் போய் எடுத்துவிடுங்கள். லொறியில் 45 கனஅடி மிச்சமாவது பெரிய விசயம்: பதினெட்டரை தேவையா, பதினாறரை போதுமா என்பதை அதுவே தீர்மானிக்கலாம்.

பாதையும் காலமும்

மட்டக்களப்பிலிருந்து வழமையான பாதை வாழைச்சேனை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரண, தம்புள்ளை, குருநாகல். மேடு குறைவு, சாமானுக்கு நல்லது. இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். மன்னம்பிட்டிக்கும் கல்லெல்லைக்கும் இடையில் மகாவலி பெருகினால் வீதிக்கு மேலே தண்ணீர் ஓடும். கார்த்திகை, மார்கழி, தையில் அடைமழைக்குப் பிறகு பயணத்துக்கு முதல் நாள் விசாரிக்காமல் ஏற்றத் தொடங்கக்கூடாது. ஏற்றிய லொறி பாதை மூடி மூன்று நாள் நின்றால் காத்திருப்புக் கூலி யார் தலையில் என்பதையும் முதலே பேசிவிடுங்கள். அடுத்தது யானை. வெலிக்கந்தைப் பக்கமும் மின்னேரியா, ஹபரணப் பக்கமும் இரவில் வீதிக்கு வரும்.

ஆகவே பின்னேரம் ஏற்றி இரவே கிளம்புவது வேண்டாம். அப்படிப் போனால் கொழும்புக்கு விடியப்புறம் மூன்று மணிக்குப் போய் நிற்பீர்கள், இறக்க ஆளிருக்காது, அடுக்குமாடிக் காவற்காரர் கதவு திறக்கமாட்டார். பின்னேரம் ஏற்றி முடித்து, லொறியை வளவுக்குள் நிறுத்தி, விடிய நாலரைக்குக் கிளம்பினால் வெலிக்கந்தையை வெளிச்சத்தில் கடக்கலாம். மதியம் ஒன்று, ஒன்றரைக்குக் கொழும்பு. அலுவலகங்கள் விட்டு வீதி இறுகும் முன் இறக்கி முடிக்கலாம்.

அம்பாறை நகரிலிருந்து போகிறவர்களுக்கு மகாஓயா, மகியங்கனை, கண்டிப் பாதையைச் சொல்வார்கள். தூரம் ஒத்துவரும், ஆனால் மகியங்கனை தாண்டிய பதினெட்டு வளைவில் ஏழடி உயரத்துக்கு ஏற்றிய சாமான் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் சாயும். கட்டுக் கயிறு தளரும். அடைமழை நாளில் மண்சரிவும் உண்டு. வீட்டுச் சாமானுக்கு அந்தப் பாதையை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் பக்கத்தவர்கள் சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய வழியாக இறங்கி, 2020 இல் மத்தளை வரை நீண்ட தெற்கு அதிவேகப் பாதையைப் பிடிப்பதைக் கேட்டுப் பார்க்கலாம். லொறிக்குக் கட்டணம் அதிகம், அதையும் கூலியில் சேர்த்துப் பேசுங்கள்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. கொக்கட்டிச்சோலைப் பக்கம் 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு பெரிய லொறி நேரே வரும். உள் வயல் வீதிகளில் மாரிகாலத்தில் பதினெட்டரை அடி லொறி புதையும். அங்கெல்லாம் உழவு இயந்திரப் பெட்டியில் பிரதான வீதிவரை கொண்டுவந்து மாற்றி ஏற்ற வேண்டியிருக்கும். அது இரண்டு ஏற்றம், ஓர் இறக்கம், கூலி அதற்கேற்றபடி.

நாள் குறிக்கும்போது ஊரின் பழக்கங்களையும் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் சைவ வீடுகளில் குடிபோவது குறைவு, அதனால் ஆவணியிலும் தையிலும் லொறிக்குத் தட்டுப்பாடு. அரச உத்தியோகத்தரின் வருடாந்த இடமாற்றம் ஜனவரி முதலாந் திகதியிலிருந்து வருவதால் வருடக் கடைசி வாரம் படுமோசம்: மழையும் வெள்ளமும் இடமாற்றமும் ஒன்றாக வரும் வாரம் அது. காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று ஆட்களைப் பிடித்தால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தை விட்டுப் பேசுங்கள். நோன்பு மாதத்தில் மதிய வெயிலில் அலுமாரி தூக்கச் சொல்வது அநியாயம். சஹர் சாப்பாடு முடிந்த கையோடு விடியப்புறம் ஏற்றலாம், அல்லது தறாவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்த பிறகு.

எதை ஏற்றக்கூடாது

வீடு கட்டி மிஞ்சிய பலகை, தீராந்தி, முதிரைத் துண்டு. “சும்மா கிடக்குது, கொண்டுபோவம்” என்று போடத் தோன்றும். அனுமதிப் பத்திரம் இல்லாத மரம் வீதிச் சோதனையில் பிடிபட்டால் மரம் மட்டுமல்ல, லொறியும் அதோடு உங்கள் வீடும் நிற்கும். கேஸ் சிலிண்டரை மூடிய லொறிக்குள் வைக்கக்கூடாது. கசிந்தால் வெளியே போக வழியில்லை. ஊரில் கொடுத்துவிட்டு அங்கே வாங்குவது நல்லது. மண்ணெண்ணெய், பெயின்ற், தின்னர், பெற்றோல் போத்தல் எதுவும் வேண்டாம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம், நகை, அடகுத் துண்டு இவையெல்லாம் உங்கள் கைப்பையில், லொறியில் இல்லை. பெட்டி ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் அறையின் பெயரும் இலக்கமும் எழுதி, மொத்தம் எத்தனை உருப்படி என்ற தாளில் ட்ரைவரின் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஏசி, வொஷிங் மெஷின்

ஏசியை நாட்டாமை கழற்றக்கூடாது. ஏசிக்காரரைக் கூப்பிட்டு வாயுவை வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைக்க வேண்டும்: ஏசியைக் குளிரில் ஓடவிட்டு மெல்லிய குழாயின் வால்வை முதலில் மூடி, ஒன்றிரண்டு நிமிடத்தில் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே நிறுத்துவார். அப்படிச் செய்யாமல் குழாயைக் கழற்றினால் வாயு முழுதும் போய்விடும், அங்கே புதிதாக நிரப்பும் காசு உங்கள் பொக்கற்றில். முன்பக்கம் திறக்கும் வொஷிங் மெஷினோடு வாங்கும்போது நாலு நீளப் போல்ட் வந்திருக்கும், பின்னால் பூட்டி ட்ரம்மை அசையாமல் பிடிப்பதற்கு. அது இல்லாமல் ஏற்றினால் ட்ரம் ஆடி ஸ்பிரிங் போகும். பலர் அந்தப் போல்ட்டை என்னவென்று தெரியாமல் எறிந்திருப்பார்கள். விற்ற கடையில் கேட்டால் கிடைக்கலாம். மேல்பக்கம் திறப்பதென்றால் தொட்டிக்கும் உடலுக்கும் நடுவில் துவாய் திணித்தால் போதும்.

கொழும்பு முனை

இங்கே நன்றாக ஏற்றிய பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள். வெள்ளவத்தை, தெஹிவளை ஒழுங்கைகளில் பதினெட்டரை அடி லொறி திரும்ப முடியாத இடங்கள் உண்டு. ஒழுங்கையை வீடியோ எடுத்து ட்ரைவருக்கு முதலே அனுப்புங்கள். நுழையாதென்றால் காலி வீதியோரத்தில் நிறுத்திப் பட்டா ரக வாகனத்தில் மாற்றி இறக்க வேண்டும், அதற்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் ஆகும். அடுக்குமாடி என்றால் நிர்வாகத்திடம் முன் அனுமதி, எந்த நேரம் இறக்கலாம், லிஃப்ட் பாவிக்கலாமா என்று கேளுங்கள். லிஃப்டின் கதவு அகலத்தையும் உள் உயரத்தையும் அளந்து வையுங்கள். 6 அடி அலுமாரி 7 அடி லிஃப்டில் நிமிர்ந்து போகும். கழற்ற முடியாத எட்டடிச் செற்றி போகாது, படியால் திருப்பித் திருப்பித் தூக்க வேண்டும், ஐந்தாம் மாடிக்கு அதற்குத் தனிக் கூலி கேட்பார்கள். இங்கிருந்து லொறியோடு போகும் இரண்டு பேர் போதாது, அங்கே இன்னும் இரண்டு பேரை முதல் நாளே பேசி வையுங்கள்.

இறக்கும்போது வாசலில் ஒருவர் தாளோடு நின்று இலக்கத்தை அடித்துக்கொண்டே வரட்டும். முடிந்ததும் லொறிக்குள் ஏறி ஒருதடவை பாருங்கள். கதிரைக் கால், மின்விசிறித் தகடு, பிரிட்ஜ் தட்டு ஆகியவை பக்கச் சட்டத்துக்குள் ஒளிந்து கிடக்கும். அதன் பிறகு மிச்சப் பணம்.

பிரிட்ஜை மட்டும் உடனே போடாதீர்கள். வரும்வழியில் நிமிர்ந்தே வந்திருந்தாலும் நாலு மணித்தியாலம் நிற்கவிட வேண்டும். படுக்க வைத்திருந்தால் மறுநாள் காலைவரை. சரியும்போது கொம்பிரசரின் எண்ணெய் குழாய்க்குள் ஏறியிருக்கும். அது இறங்க முன் போட்டால் கொம்பிரசர் இழுக்காது, சிலவேளை எரியும். அன்றிரவுத் தேத்தண்ணிக்குப் பால்மா போதும்.